அலாய்னா லேசுன்னு சொன்னாக

ஆடி 5, ஞாயிறு

சந்தனண்ணே, வணக்கம். நான் பவுன்ராசு, ஆஸ்பத்திரியில ஒங்க பக்கத்துக் கட்டில்ல கெடந்தவன். நல்லா இருக்கீகளா? கால்ல வச்ச கம்பி இன்னும் குத்துதா? மதினி நேரத்துக்குக் கஞ்சி குடுக்குறாகளா, இல்ல அந்த நர்சம்மாவத் திட்டுன மாதிரி அவுகளயும் திட்டிக்கிட்டுத்தான் கெடக்கீகளா?

"ஊருக்குப் போனதும் தெனம் போன்ல பேசி அனுப்புடா, லாரிக்காரன் படுத்துக் கெடந்தா பைத்தியம் புடிச்சிரும்"னு சொன்னீக. அதான் ஒக்காந்துட்டேன். எனக்கு எழுத்து வராது. வண்டி நம்பரு படிப்பேன், மீட்டரு படிப்பேன், கையெழுத்துப் போடுவேன், அம்புட்டுத்தான். பேச்சுத்தான் நிறுத்தத் தெரியாது, ஒங்களுக்கே தெரியும்.

நான் வந்து ரெண்டு நாளாச்சு. குடல் எறக்க ஆபரேசன், நாலு நாளுன்னு படுக்க வச்சாக, தையல்ல சீழ் புடிச்சுப் பதினாறு நாளாக்கிட்டாக. இன்னும் ஒரு வாரம் வண்டி தொடக்கூடாதாம். ஒரு வாரம்னா எனக்கு ஒரு வருசம். ஒம்பது வருசமா மேலச்சுனை எஸ்டேட் பள்ளிக்கூடத்துக்கு டீச்சருமாரு நாலு பேர ஏத்திக்கிட்டுப் போறேன். அடிவாரச் செக்போஸ்ட்டுல ஏத்துனா பதினோரு கொண்டை ஊசி வளைவு, மேல பள்ளிக்கூட கேட்டு. மொத ரெண்டு வருசம் ஜீப்பு, பெறகு இந்தக் காரு. காரு நான் பாதி, என் மச்சினன் குருவையா பாதி. மச்சினன்னா என் வீட்டுக்காரி பஞ்சவர்ணத்தோட தம்பி. எங்கூருக்கு அடுத்த ஊருல இருக்கான்.

வாசல்ல எறங்கிப் பாக்குறேன், வண்டி நிக்குது, கண்ணு கூசுது. நாலு சக்கரமும் புதுசு. நட்சத்திரம் மாதிரி அஞ்சு கம்பி, பளபளன்னு. பக்கத்துல குருவையா நிக்குறான்.

"என்ன மாப்ள இது?"

"அலாயி மாமா. ஆனியில நாலு கல்யாணத்துக்கு மாப்ள அழைப்புக்கு வண்டி கேட்டாங்க. அந்தப் பழைய இரும்பு ரிம்மோட போனா மாப்ள நடந்தே போறேம்பான்."

"சைசு மாறிப்போச்சோ?"

"அதே சைசுதான். ரிம்மு பெருசு, டயரு மெல்லிசு, கூட்டிக் கழிச்சா ஒண்ணுதான். அலாய்னா லேசு மாமா. வண்டி பறக்கும் பாருங்க."

"பழசு?"

"வித்தாச்சு."

சரின்னு விட்டுட்டேன். சக்கரத்துக்கு முன்னால தரையில நாலு எலுமிச்சம்பழம் நசுங்கிக் காஞ்சு கெடந்துச்சு. பஞ்சவர்ணம் வேலை. வண்டிக்கு ஒரு வைப்பர் மாத்துனாக்கூட எலுமிச்சம்பழம் வைக்காம உருட்ட விடமாட்டா. எனக்கு ஒடம்பு சரியில்லாத நேரத்துலயும் மறக்கல பாருங்க.

அவ கவனிப்பச் சொல்லி மாளாது. வெறகுக் கொட்டாய் பக்கமே என்னப் போக விடல. "குனிஞ்சீகன்னா தையல் விட்டுரும், நானே எடுத்துக்கிறேன்"னு எல்லாத்தையும் அவளே தூக்கியாறா. கட்டுன நாள்ல இருந்து வெறகு ஒடைக்கிறது என் வேலை. இப்பத்தான் மகாராசன் மாதிரி ஒக்காந்திருக்கேன்.

ஆடி 8, புதன்

தையல் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தோம். குருவையா ஓட்டுனான். பஞ்சவர்ணம் கெளம்பும்போதே ஒரு தலகாணி எடுத்துக்கிட்டு வந்தா. எனக்குத்தான்னு நெனச்சு கைய நீட்டுனேன், அவ தனக்குப் போட்டு ஒக்காந்துக்கிட்டா. வயசாகுதுல்ல அவளுக்கும்.

ரோடு நல்ல ரோடுதான். ஆனா ஒவ்வொரு தையலுக்கும் ஒரு குத்து விழுந்துச்சு. பாலத்து இணைப்புல ஏறி எறங்குறப்ப டங்குன்னு இடுப்பெலும்புல வந்து நிக்குது. புண்ணு ஆறாத ஒடம்பு, அப்படித்தான் இருக்கும்னு பல்லக் கடிச்சுக்கிட்டேன்.

ஆடி 13, திங்கள்

அண்ணே, இன்னைக்கு வண்டி எடுத்தேன். நான் இல்லாத நாளெல்லாம் டீச்சருமாரு எஸ்டேட் ஜீப்புல போயி முதுகு போச்சுன்னு பொலம்பிக்கிட்டு இருந்தாக. என்னையப் பாத்ததும் ரெஜினா டீச்சர் சிரிச்சுச்சு. அதுக்கு ஆறு மாசம். மொதப் புள்ளை, கல்யாணமாகி எட்டு வருசம் கழிச்சு. "நீங்க வந்துட்டீங்கல்ல, இனி நான் தூங்கிக்கிட்டே போவேன்"னுச்சு. முன் சீட்டு அதுக்குத்தான்.

எப்படிச் சொல்றது. வண்டி என் வண்டி மாதிரி இல்லண்ணே.

ஸ்டேரிங்கு கனக்குது. திருப்புனாத் திரும்புது, ஆனா ஒரு யோசனை பண்ணித் திரும்புது. ரெண்டாவது கியர்ல மூணாவது வளைவு ஏறுவேன் எப்பவும், இன்னைக்கு மூச்சு வாங்குது, ஒண்ணாவது போட வேண்டியதாப் போச்சு. சின்னக் கல்லுல ஏறுனாக்கூட சீட்டுல தெரியுது. எட்டாவது வளைவுக்கு மேல ரோடு அரிச்சுக் கெடக்கும், அங்க டயரு ரோட்ட ஒட்டி ஓடாம தத்தித் தத்திப் போகுது. ரெஜினா டீச்சர் தூங்கல. கதவுக் கைப்பிடியப் புடிச்சுக்கிட்டே வந்துச்சு.

மேல எஸ்டேட் கடை வச்சிருக்குற அன்னக்கிளிக்குத் தெனம் நாலு அட்டை முட்டை டிக்கில கொண்டு போவேன். ஏழு வருசத்துல மொத்தமா ஒரு இருவது ஒடஞ்சிருக்கும், அதுலயும் பாதி அவ புருசன் எறக்குறப்ப கீழ போட்டது. அவன் ஒரு கதை. கலியாணத்தன்னைக்குத் தாலியவே கை தவறிக் கீழ போட்டவன். இன்னைக்கு அன்னக்கிளி அட்டையத் தொறந்து எண்ணிட்டு எம் மூஞ்சியப் பாத்தா.

"அண்ணே, பதினொண்ணு."

"ரோடு சரியில்ல ஆத்தா."

"ரோடு என்னைக்குச் சரியா இருந்துச்சு?"

இன்னொண்ணு. செக்போஸ்ட்டுல ட்ரிப் மீட்டர அமுக்குறது என் பழக்கம். பள்ளிக்கூட கேட்டுல இருவத்தெட்டுப் புள்ளி நாலு காட்டும், ஏழு வருசமா மாறாது. இன்னைக்கு இருவத்தாறு புள்ளி ஒம்பது. செக்போஸ்ட்ட விட்டு ஒண்ணரைக் கிலோமீட்டர் தாண்டித்தான் அமுக்கியிருக்கேன் போல. மயக்க மருந்து குடுத்தா மறதி வரும்பாக. எனக்கு வந்துருச்சு.

ஆடி 14, செவ்வாய்

செக்போஸ்ட்டுல எறங்கி நின்னு, கண்ணால பாத்து அமுக்குனேன். மேல போனா அதே இருவத்தாறு புள்ளி ஒம்பது. யாருகிட்டயும் சொல்லல. முட்டை ஒம்பது.

ஆடி 17, வெள்ளி

ஒங்க கொரல் வந்துச்சுண்ணே. "சக்கரத்தப் பாருடா"ன்னீக. பாத்தேன். சாயங்காலம் நேரா சிக்கந்தர் பாய் டயர் கடைக்குப் போயிட்டேன்.

பாயும் நானும் இருவது வருசப் பழக்கம். அவரு தள்ளுவண்டியில பஞ்சர் போட்ட காலத்துல இருந்து. என் பெரிய மக காது குத்துக்கு பிரியாணி ஆக்குனது அவருதான். காத்து புடிக்க வந்தேன்னு சொல்லிட்டு ஸ்டூல்ல ஒக்காந்தேன்.

"பாய், வண்டி தூக்கிப் போடுது. ஸ்டேரிங்கு கனக்குது. இந்தச் சக்கரம் ஒத்துக்கலையோ?"

பாய் டியூப்ப ஒரசிக்கிட்டே இருந்தாரு. "அலாய்னா லேசு பவுனு. ஒலகத்துக்கே தெரியும்."

"நீங்கதான மாட்டுனீக. சைசு ஒண்ணுதான?"

"குருவையா என்ன சொன்னான்?"

"ஒண்ணுதான்னான்."

"அப்பறம் என்ன. ஆபரேசன் பண்ண ஒடம்பு, கையில தெம்பு வரக் கொஞ்ச நாளாகும்."

டீ வாங்கிக் குடுத்தாரு. அவரு குடிக்கல.

எங்க அய்யா காலத்துல ஒரு சோடி மாடு இருந்துச்சு. லாடக்காரன் ஒருத்தன், தேயாம இருக்கட்டும்னு தடிச்ச லாடமா அடிச்சு விட்டுட்டான். மறுநாள்ல இருந்து வலத்து மாடு தடுக்கித் தடுக்கி விழுது. மாட்டுக்குக் கண்ணு போச்சுன்னு விக்கக் கொண்டு போயிட்டாக. வாங்குனவன் லாடத்தப் பிச்சு எறிஞ்சுட்டு லேசா அடிச்சான், மாடு அவன் வீட்டு வரைக்கும் ஓடியே போச்சாம். இத எதுக்குச் சொன்னேன்? ஞாபகமில்ல. பாய் சொன்னாச் சரியாத்தான் இருக்கும். அவரு எங்கிட்டப் பொய் சொல்ற ஆளு இல்ல.

ஆடி 20, திங்கள்

முட்டை பதினாலு. அன்னக்கிளி எண்ணுறத நிறுத்திட்டா, வாளியில ஊத்தி வச்சுட்டா.

சாப்புடுறப்பப் பஞ்சவர்ணத்துக்கு முன்னால ரெண்டு கையையும் நீட்டுனேன். "நடுங்குதா பாரு"ன்னேன்.

கொஞ்ச நேரம் பாத்தா. "லேசா"ன்னா.

நான் பாத்தவரைக்கும் நடுங்கல. ஆனா அவ கண்ணு நல்ல கண்ணு, ஊசியில நூல் கோக்குறவ. "அம்பத்தஞ்சு ஆகப் போகுது. எத்தன நாளைக்கு அந்த மலையில கெடந்து உருளுவீக. தம்பி பாத்துக்கிறேங்குறான்"னா.

"நீ பயப்படுறியா?"

"பயப்படாம?"ன்னு சொல்லிட்டு ரசத்த ஊத்துனா. அவ பயப்படுறது எம்மேல இருக்குற பாசத்துலதான்.

ஆடி 22, புதன்

எறங்கும்போது ஒம்பதாவது வளைவு.

அந்த வளைவ நான் கண்ண மூடிக்கிட்டு எடுப்பேன்னு சொன்னேன்ல ஆஸ்பத்திரியில. ஒரே வீச்சு, பின்னால எடுக்க வேண்டியதில்ல. இன்னைக்கு மீட்டருல இருவதுதான் காட்டுச்சு, நான் பாத்தேன், சத்தியமாப் பாத்தேன். முழுசா ஒடிச்சேன். முன் டயரு உள்ள எதுலயோ பிடிச்சு கர்ருன்னு ஒரசுச்சு, அதுக்கு மேல ஸ்டேரிங்கு போகல. வண்டி வளையல. பிரேக்க மிதிச்சேன். நிக்கவேண்டிய எடத்துல நிக்காம இன்னும் ரெண்டு முழம் உருண்டு போயித் தடுப்புச் சுவத்துல முட்டிருச்சு. சுவரு இல்லாட்டி நான் இப்ப பேசிக்கிட்டு இருக்க மாட்டேன்.

ரெஜினா டீச்சர் வயித்தப் புடிச்சுக்கிட்டே கதவத் தொறந்து எறங்குச்சு. எஸ்டேட் ஜீப்புல ஏத்திக் கீழ கொண்டு போனாக. பின்னால ஒக்காந்திருந்த பெரிய டீச்சர்தான் சொல்லுச்சு, "இனியும் நீங்கதான் ஓட்டுவீங்களா பவுன்ராசு, இல்ல நாங்க வேற வண்டி பாத்துக்கணுமா?"

ஆடி 23, வியாழன்

டீச்சருக்கும் புள்ளைக்கும் ஒண்ணுமில்லையாம். ஸ்கேன்ல ஓடுதாம் இதயம். நான் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டேன்.

ஆடி 24, வெள்ளி

சாவியக் குடுத்துட்டேன்.

செக்போஸ்ட் டீக்கடையில டீச்சருமாரு மூணு பேரு, குருவையா, பாய், இன்னும் அஞ்சாறு டிரைவருக. ரெண்டு கையையும் கூப்பி, "என் கை கெட்டுப் போச்சு, மன்னிச்சிருங்க. இனி என் மச்சினன் ஓட்டுவான்"னு சொன்னேன். யாரும் சொல்லச் சொல்லல, நானாத்தான் சொன்னேன். அப்பவாச்சும் யாராச்சும் ஒருத்தர், "இல்ல பவுனு, ஒங்கையில ஒண்ணுமில்ல"ன்னு சொல்வாகன்னு ஒரு நெனப்பு. பாய் கடைக்குள்ள எட்டி, சில்லறை இருக்கான்னு கேட்டுக்கிட்டு இருந்தாரு. குருவையா சாவிய ரெண்டு கையாலயும் வாங்குனான். மரியாதை தெரிஞ்ச பய.

வண்டிய அவன் ஊருக்கே கொண்டு போயிட்டான். "இங்க நின்னா ஒங்களுக்கு மனசு கெடந்து அடிச்சுக்கும் மாமா"ன்னான்.

ஆடி 29, புதன்

அன்னக்கிளிக்குப் போன் போட்டேன், சும்மா. குருவையா ஓட்ட ஆரம்பிச்சதுல இருந்து ஒரு முட்டை ஒடையலையாம். "ஒங்க மச்சினன் கை பூப்போல இருக்குண்ணே"ன்னா. ரெஜினா டீச்சரும் லீவு முடிஞ்சு போகுதாம், தூங்குதாம்.

அப்ப என் கைதான். வேற என்ன.

ஆவணி 2, ஞாயிறு

பஞ்சவர்ணம் பெரியவளப் பாக்கப் போயிருந்தா. மழை வர்ற மாதிரி இருந்துச்சு, அடுப்புக்கு வெறகு இல்ல. தையல் ஆறி எத்தன நாளாச்சு, நான் போயி எடுத்தா என்னன்னு கொட்டாய்க்குப் போனேன்.

வெறகுக்குப் பின்னால தார்ப்பாய் போத்தி என்னமோ இருக்கு. தூக்குனேன். நாலு பளபளச் சக்கரம்.

என்ன புரியுது ஒங்களுக்கு? எனக்கு ஒண்ணும் புரியல மொதல்ல. திருட்டுப் பயலுக வண்டியில இருந்து கழட்டிட்டானுகளோன்னுதான் தோணுச்சு. பெறகு அங்கயே வெறகு மேல ஒக்காந்துட்டேன். இதைக் கழட்டிட்டான்னா, இப்ப வண்டியில என்ன ஓடுது? வித்தாச்சுன்னானே, அந்தப் பழசு எங்க இருந்துச்சு இம்புட்டு நாளும்? தார்ப்பாய்க்குக் கீழ மண்ணுல வட்டம் வட்டமா அச்சு இருந்துச்சு, சின்ன வட்டம். இந்தச் சக்கரத்து அச்சு இல்ல அது.

பஞ்சவர்ணத்துக்கு இது தெரிஞ்சிருக்காது. வெறகு எடுக்குற அவசரத்துல கவனிச்சிருக்க மாட்டா.

ஆவணி 3, திங்கள்

வாழைக்காய்க் கமிசன் கடைக்கு தள்ளுவண்டியில ரெண்டு சக்கரம் கொண்டு போனேன். ஒண்ணு அந்த அலாயி. இன்னொண்ணு என் காரோட பழைய ஸ்டெப்னி, தண்ணித் தொட்டி மூடி பறக்காம இருக்கப் பாரமா வச்சிருந்தது. வாழைத்தார் எடை போடுற மிசின்ல வச்சுப் பாக்கச் சொன்னேன். கமிசன் கடைக்காரரு, "இது எந்த ரகம், நாட்டுக் காயா?"ன்னு சிரிச்சாரு.

ஸ்டெப்னி டயரோட பதினஞ்சு கிலோ. அலாயி இருவத்து மூணரை.

லேசாம்ண்ணே. லேசு.

நாலுக்கும் சேத்தா முப்பத்து நாலு கிலோ கூட. அத டிக்கில போட்டிருந்தா வண்டிக்குத் தெரியவே தெரியாது, ஒரு புள்ளை கூட ஏறுன மாதிரி. ஆனா சக்கரத்துல இருந்தா வேற. நீங்க சேத்து வயல்ல எறங்கி, கால்ல சேறு அப்பிக்கிட்டு வரப்புல நடந்திருக்கீகளா? தோள்ல மூட்டை இருந்தாக்கூட நடந்துரலாம், கால்ல அப்புன சேறுதான் ஆளக் கொல்லும். ஒவ்வொரு எட்டுக்கும் அதையும் தூக்கணும், அதையும் வீசணும், அதையும் நிறுத்தணும். வண்டிக்கும் அதேதான். மேட்டுல அந்தக் கனத்தையும் சுத்தணும், பிரேக்குல அந்தச் சுத்தையும் அடக்கணும். பள்ளத்துல விழுந்தா ஸ்பிரிங்கு வண்டியப் பாக்குமா, குதிக்குற சக்கரத்தப் பாக்குமா? அதுல டயரு வேற மெல்லிசு. சப்பாத்தி மாதிரி இம்புட்டுத்தான் ரப்பரு, அமுங்க எடமில்ல. முட்டை ஒடையாம?

கடைத் தரையில சாக்பீஸ்ல கோடு போட்டு ரெண்டையும் ஒரு சுத்து உருட்டுனேன். அலாயி ஆறு விரக்கட கூடப் போகுது. அங்கயே தலையில கை வச்சுட்டேன். கூட்டிக் கழிச்சா ஒண்ணு இல்ல. சக்கரம் பெருசு. மீட்டருக்கு சுத்துத்தான் கணக்கு, அதான் இருவத்தெட்டு இருவத்தாறாச்சு. எனக்கு மறதி இல்லண்ணே. மீட்டரு இருவதுன்னு காட்டுனப்ப வண்டி அதுக்கு மேல போயிருக்கு. ஒம்பதாவது வளைவுல ஒரசுனது, பெரிய டயரு உள்ள முட்டி. எங்கையி இல்ல.

நேரா பாய் கடைக்குப் போயி சக்கரத்த அவரு முன்னால சாத்துனேன். நான் எதுவும் கேக்கல. அவராவே ஆரம்பிச்சாரு.

"மாட்டுறப்பவே சொன்னேன் பவுனு. இது பெரிய வண்டிச் சக்கரம், மட்டமான வார்ப்பு, மலைக்கு ஆகாதுன்னு. கல்யாணத்துக்கு மட்டுந்தான், மாமா வர்றதுக்குள்ள மாத்திருவோம்னான்."

"மாத்தலையே."

"மாத்தல."

"நான் சாவி குடுத்த அன்னைக்கு?"

"அன்னைக்குச் சாயங்காலம் மாத்துனேன்."

"நான் இதே ஸ்டூல்ல ஒக்காந்து கேட்டேனே பாய்."

கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு. "குடும்ப விசயம்னு நெனச்சேன். ஒன் வீட்டு வாசல்ல வச்சுத்தான் மாட்டுனேன், ஒன் வீட்டுக்காரி பக்கத்துல நின்னுச்சு. அதுதான் எலுமிச்சம்பழம் வச்சுச்சு. மலைக்கு ஆகாதுன்னு நான் சொன்னதயும் கேட்டுச்சு. கட்டுனவளே பேசாம இருக்கா, நான் எப்படிப் பேசன்னு..."

அதுக்கு மேல நான் அங்க நிக்கல.

ஆவணி 4, செவ்வாய்

பல்லு வலின்னு சொல்லிட்டுச் சாப்புடல.

ஆவணி 5, புதன்

கேட்டுட்டேன் அண்ணே. காலையில, அவ தோசை ஊத்திக்கிட்டு இருந்தா. நாலு சக்கரத்தையும் கொட்டாய்ல இருந்து உருட்டியாந்து அடுப்படி வாசல்ல வரிசையாப் போட்டேன்.

கருகுன தோசையச் சுரண்டி எடுத்துட்டு அடுப்ப அணைச்சா.

"எங்கை நடுங்குதான்னு கேட்டேன்ல. நடுங்குச்சா?"

"இல்ல."

"அப்பறம் ஏன் லேசான்னு சொன்ன?"

"நீங்களா எறங்குனாத்தான் எறங்குவீக. நான் சொல்லி என்னைக்குக் கேட்டீக. ஆஸ்பத்திரியில பச்சை வேட்டியக் கட்டி உள்ள தூக்கிட்டுப் போனப்ப, இனி இந்த ஆள மலைக்கு விடக்கூடாதுன்னு நெனச்சேன். தம்பியும் ரெண்டு வருசமா ஒரு நெலையான ஓட்டம் வேணும்னு அலையுறான். வேணும்னு மாட்டல. கல்யாணத்துக்குத்தான் மாட்டுனான். நீங்க வந்து ஓட்டிட்டு, கை போச்சு கை போச்சுன்னு நீங்களே சொன்னீக. அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டோம்."

"விட்டுட்டோம்னா யாரு யாரு?"

"நானும் தம்பியும்."

"அந்தப் புள்ளத்தாச்சி டீச்சர் வண்டியில இருந்துச்சே பஞ்சவர்ணம்."

இதுக்கு அவ பதில் சொல்லல. சொல்லாம இருந்ததுதான் எனக்கு ஒரு வகையில ஆறுதல். ஏதாச்சும் சொல்லியிருந்தா நான் என்ன செஞ்சிருப்பேன்னு தெரியாது.

முப்பது வருசம். ஊரு முன்னால கைகூப்பி நின்னேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் இவதான் தண்ணி குடுத்தா, "விடுங்க, நல்லதுக்குத்தான்"னு தலையத் தடவுனா. குருவையா செஞ்சத விட, பாய் செஞ்சத விட, அந்தத் தடவுனதுதான் அண்ணே.

ஆவணி 7, வெள்ளி

சாவிய வாங்கிட்டேன். நேத்துச் சாயங்காலம் குருவையா வீட்டு வாசல்ல போயி நின்னேன், கையை நீட்டுனேன். "மாமா, உள்ள வந்து ஒரு வாய் காப்பி"ன்னான். நீட்டுன கைய மடக்கல. குடுத்துட்டான். தலை குனிஞ்சுக்கிட்டுத்தான் குடுத்தான். அவன் பொண்டாட்டி கதவுக்குப் பின்னால நின்னு அழுதுச்சு. அந்தப் புள்ள பாவம்.

சாவி வந்துருச்சு, ஆளு வரணும்ல. இன்னைக்குக் காலையில செக்போஸ்ட்டுல டீச்சருமாரு முன்னால, எடை போட்ட அந்த ரெண்டு சக்கரத்தையும் எறக்கிப் போட்டேன். நடந்தத சொன்னேன். வீட்டுக்காரி பேரச் சொல்லல. டயர் மாட்டுனதுல தப்பு நடந்துருச்சுன்னு மட்டும்.

நம்ம வண்டியில வர்ற டிரில் சாரு ரெண்டையும் தூக்கிப் பாத்தாரு. பெருசத் தூக்குனதும் "யம்மா"ன்னு கீழ வச்சுட்டாரு. பெரிய டீச்சர் கண்ணாடியப் போட்டு டயர்ல இருந்த நம்பரப் படிச்சுப் பாத்துச்சு. "கணக்கு டீச்சர் நான். மூணு வாரம் முன்னாலயே எங்கிட்டக் காட்டியிருக்கலாமே"ன்னுச்சு. மூணாவது டீச்சர் எப்பவும் போல பின் சீட்டுல போயி ஒக்காந்துருச்சு.

ரெஜினா டீச்சர் குனிய முடியாது. நின்ன வாக்குலயே செருப்பு நுனியால அலாயி டயர ஒரு தட்டுத் தட்டுச்சு, பெறகு பழசத் தட்டுச்சு.

"இது கல்லாட்டம் இருக்கு அண்ணே."

"ஆமா டீச்சர்."

"சரி, சக்கரம்னு தெரிஞ்சுருச்சு. ஆனா அன்னைக்கு வண்டி சரியில்லன்னு ஒங்களுக்கு ஒன்பது நாளாத் தெரியும்ல. தெரிஞ்சும் என்னை ஏத்திக்கிட்டுப் போனீங்கள்ல?"

எல்லாரும் எங்கிட்ட மறைச்சாக, சரி. நான் என்ன செஞ்சேன்? இருவத்தாறு புள்ளி ஒம்பதுன்னு பாத்தேன், வாயத் தொறக்கல. எங்கே எறக்கி விட்டுருவாகளோன்னு பயந்துக்கிட்டு ஓட்டிக்கிட்டே இருந்தேன்.

"தப்புத்தான் டீச்சர்"னேன்.

"நான் பஸ்ஸுல போறேன். திங்கக்கெழமை யோசிச்சுச் சொல்றேன்"னு சொல்லிட்டு நடந்துருச்சு. ஏழு மாசத்து வயித்தோட அந்த மலை பஸ்ஸுல.

ஆவணி 10, திங்கள்

அண்ணே, காலையில எட்டு மணி. செக்போஸ்ட்டுல வண்டியில ஒக்காந்து பேசுறேன். நீங்க கோலு ஊன்றி நடக்க ஆரம்பிச்சுட்டீகன்னு கேட்டு ரொம்பச் சந்தோசம். மெதுவா நடங்க.

நாலும் பழைய இரும்புச் சக்கரம். நேத்து நானே ஒத்தையா ஜாக்கி போட்டு எல்லாத்தையும் கழட்டி மாட்டி, நட்டு ஒவ்வொண்ணையும் கையால பாத்தேன். வேற யாரையும் தொட விடல. பொழுது சாய ஆளில்லாம ஒரு தடவ மேல வரைக்கும் போயிட்டு வந்தேன். ஒம்பதாவது வளைவு, ஒரே வீச்சு. ஸ்டேரிங்கு ரெண்டு விரலுக்கு வந்துச்சு. சந்தோசமா இருக்கணும்ல? இருந்துச்சு. பக்கத்து சீட்டுல யாருகிட்டயாச்சும் சொல்லணும் போல இருந்துச்சு, முப்பது வருசமா யாருகிட்டச் சொல்வேனோ அவகிட்டச் சொல்ல முடியல.

மூணு பேரு ஏறிட்டாக, பின்னால ஒக்காந்து பரீட்சைப் பேப்பர் திருத்துறாக. ரெஜினா டீச்சர் இன்னும் வரல. எட்டுப் பத்துக்கு பஸ்ஸு. அது பஸ்ஸுல ஏறுச்சுன்னா, மத்தவுகளும் ஒவ்வொருத்தரா எறங்கிருவாக. நான் அவுகளக் குத்தம் சொல்ல மாட்டேன்.

பஞ்சவர்ணம் நேத்துக் கேட்டா. துணி மடிச்சுக்கிட்டே, எம் மூஞ்சியப் பாக்காம. "பெரியவ வீட்டுக்குப் போயி இருக்கவா, இல்ல இங்கயே இருக்கவா? நீங்க சொல்ற மாதிரி"ன்னா. பாய் பத்தி ஒங்ககிட்ட ஏதோ சொல்ல வந்தேன், அவரு ஒரு நாள் வந்து வாசல்ல நின்னுட்டு, இருங்க.

பஸ்ஸு வந்துருச்சு. டீச்சரு நிக்குது அங்கிட்டு, வேப்ப மரத்துக்கிட்ட. குடை இருக்கு கையில. கண்டக்டர் ஏறச் சொல்றான். கூட்டம் மறைக்குது, ஏறுச்சா இல்லையான்னு தெரியல.

பஸ்ஸு கெளம்பிருச்சு. நான் பாக்கல அண்ணே. ஸ்டேரிங்கையே பாத்துக்கிட்டு இருக்கேன். பஞ்சவர்ணத்துக்கு நான் இன்னும் பதில் சொல்லல. ராப்பகலா யோசிச்சு ஒண்ணு முடிவு பண்ணியிருக்கேன், ஒங்ககிட்டத்தான் மொதச் சொல்றேன். அவ போகணுமா இருக்கணுமான்னா, நான் என்ன நெனைக்கிறேன்னா, அவ...

"பவுன்ராசண்ணே, இந்த முன் சீட்டக் கொஞ்சம் பின்னால தள்ளுங்க. எனக்கு எடம் பத்தாது."

இந்தா வந்துட்டேன் டீச்சர். அண்ணே, ஒரு நிமிசம், அவகிட்ட நான் சொல்லப் போறது என்னன்னா